மூன்றாம் வரிசை ஓர நாற்காலி

என் அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆட்களை முறைத்துப் பார்ப்பாள். பேருந்து, வங்கி, பல் மருத்துவர் வாசல், எங்கே என்றெல்லாம் கிடையாது. ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கைக்காரரை அவள் பார்த்த பார்வையில், மனிதர் முதலில் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார், பிறகு தலையைத் தடவிக்கொண்டார், கடைசியில் எழுந்து வந்து, "என்னம்மா வேணும் உனக்கு?" என்று சண்டைக்கே நின்றுவிட்டார். நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா அசரவில்லை. "உங்களுக்கு நீதிபதி முகம் சார். நாளைக்கு எங்க ஆபீசுக்கு வந்து ஒரு தடவை உட்காந்து காட்டுவீங்களா?" என்றாள். கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்றிருந்த அந்த மனிதர் அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருக்கிறார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு நடிகர்களைத் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் அக்காவின் தொழில். காஸ்டிங் டைரக்டர். எங்கள் சித்தப்பாவுக்கு இது இன்றுவரை புரியவில்லை. "நீ நடிக்கறதில்ல, டைரக்ஷனும் பண்றதில்ல. அப்போ என்னதான் பண்றே?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "ஆளப் பாக்கறேன் சித்தப்பா" என்பாள் அக்கா. "அது நானும்தான் பாக்கறேன்" என்பார் அவர்.

ட்ரை கிளீனிங் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் ஆபீஸ். எப்போதும் நீராவியும் சோப்பும் கலந்த வாசனை. ஒரு சுவரில் சாம்பல் நிறத் துணி, எதிரே முக்காலியில் கேமரா, தரையில் டேப் ஒட்டிப் போட்ட ஒரு கோடு. வருகிறவர் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இடது பக்கம் திரும்புங்க, வலது பக்கம் திரும்புங்க, கையைக் காட்டுங்க, இந்த வசனத்தைப் படிங்க. அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். அந்தப் பார்வை என்ன பண்ணுமோ தெரியாது, பெரிய பெரிய நடிகர்களுக்கே கை வியர்த்துவிடும். பார்த்து முடித்ததும், "சரி", இல்லையென்றால் "இது உங்களுக்கு வேண்டாம்". அவ்வளவுதான். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதில்தான் எனக்கு எரிச்சல்.

நான் அவள் தங்கை. என் வேலை கூட்டம். கோர்ட்டில் பின் வரிசை, மருத்துவமனை வராந்தா, விமான நிலையம், தீப்பிடித்த கட்டடத்துக்கு வெளியே கூச்சல், எல்லாவற்றிலும் நான் இருப்பேன். நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் பார்த்ததே இல்லை. இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. கூட்டத்தை மேய்க்கிற வேலையும் எனக்குத்தான். புதிதாக வருகிறவர்களுக்கு எப்போது திடுக்கிட வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. உதவி இயக்குநர் கத்தினால் கேமராவைப் பார்த்து முழிப்பார்கள். அதனால் அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டாள். "சின்னக்கா என்ன பண்றாளோ, அதப் பண்ணுங்க. யோசிக்காதீங்க." நான் வாயைப் பொத்தினால் எல்லோரும் வாயைப் பொத்துவார்கள். நான் அழுதால் அழுவார்கள். எனக்குத் தும்மல் வந்து ஒரு முறை நீதிமன்றமே தும்மியது. அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

கூட்டத்துக்கு வருகிற எங்கள் ஆட்களுக்கு அவள் பெரியக்கா, நான் சின்னக்கா. தங்களுக்கு வயது எண்பதானாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்களில் முக்கியமானவர் பிணம் அண்ணன். மூச்சே தெரியாமல் படுத்திருப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. யார் தொடரில் யார் செத்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் வாய் ஓயாது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். தொடர் முடிந்ததும் பெயர்கள் ஓடும் பாருங்கள், அதில் அக்கா பெயர் எங்கோ கடைசிக்குப் பக்கத்தில் வரும். நான் டிவிக்கு முன்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சரியாக அவள் பெயர் தலை காட்டுகிற நேரத்தில் ஷாம்பு விளம்பரம் வந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை நான் முழுசாகப் படித்ததில்லை. தயாரிப்பாளர் இருக்கிறாரே, அவர் இதைவிட மோசம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நன்றி முதலாளி. எந்த விருது வந்தாலும் முதல் ஆளாக மேடையேறிவிடுவார். ஒருமுறை சிறந்த தொடருக்கான விருதை வாங்கிக்கொண்டு தன் பாத வைத்தியருக்கு நன்றி சொன்னார், நீச்சல் சொல்லிக்கொடுத்தவருக்குச் சொன்னார், நாய்க்குட்டிக்கும் சொன்னார். அந்தத் தொடரின் ஒவ்வொரு முகத்தையும் தெருத் தெருவாக அலைந்து பொறுக்கி எடுத்தவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அக்கா என்னடாவென்றால், "விடுடி, நாய்க்குட்டி அழகா இருக்கும்" என்கிறாள். இவளை என்ன செய்வது?

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. தேசியத் தொலைக்காட்சி விருதுகளில் இந்த வருடம் முதன்முதலாக நடிகர் தேர்வுக்கும் ஒரு விருதாம். இறுதிப் பட்டியலில் அக்கா. ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறவர்களைப் பற்றி முதலாளி எடுத்த தொடருக்காக. லிப்டில் ஏறி இறங்குகிறவர் முகம்கூட மனதில் நிற்கும்படி ஆள் போட்டிருந்தாள். நான் சமையலறையிலேயே ஒரு குதி குதித்தேன். அக்கா, "போட்டோ வேற கேக்கறாங்களேடி" என்று கவலைப்பட்டாள். வீடு முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் போட்டோ எடுக்கிறவள் அவள்தான். எதிலும் அவள் இருக்க மாட்டாள். கடைசியில் ஏதோ ஒரு படத்தில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் தெரிந்த அரை முகத்தை வெட்டி அனுப்பினோம்.

அதோடு விட்டாளா? ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "அனுப்பிடறேன், அனுப்பிடறேன். போன வருஷம் மாதிரிதானே?" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"யாரு?"

"விருது விழாக்காரங்க. நாற்காலி நிரப்ப ஆள் வேணுமாம்."

அது என்னவென்றால், இந்த மாதிரி விழாக்களில் பிரபலங்கள் ஒரு இடத்தில் உட்கார மாட்டார்கள். போன் பேசப் போவார்கள், சிகரெட் பிடிக்கப் போவார்கள். நேரடி ஒளிபரப்பில் காலி நாற்காலி தெரிந்தால் அசிங்கம். அதனால் நன்றாக உடுத்திக்கொண்ட ஆட்களை ஓரமாக நிறுத்தி வைத்திருப்பார்கள். யாராவது எழுந்ததும் போய் உட்கார வேண்டும், அவர் வந்ததும் எழுந்துவிட வேண்டும். வருடா வருடம் அந்த விழாவுக்கு ஆட்களை அனுப்புவது அக்காதான்.

"அக்கா, அந்த விழாவுல இந்தத் தடவை உனக்கே நாற்காலி போட்டிருக்காங்க."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஆமால்ல?"

"ஆமால்லயா! போன் பண்ணு. முடியாதுன்னு சொல்லு."

"வாயக் குடுத்துட்டேனே. பாவம், நம்ம ஆளுங்களுக்கும் ஒரு நல்ல சாயங்காலம். எல்லாரையும் நீ பாத்துக்கோ, நான் சும்மா உட்காந்திருக்கேன்."

சும்மா உட்கார்ந்திருப்பாளாம். இவளா? எனக்குத் தெரியாதா? அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். உலகம் இடிந்து விழுந்தாலும் சரி, பெயர் கூப்பிடும்போது என் அக்கா அவள் நாற்காலியில் இருக்க வேண்டும். அவளே எழுந்து, அவள் காலால் நடந்து, மேடையில் போய் நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

விழா அரங்கத்தில் தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். ஆயிரம் பேர் உட்காரலாம். மேடைக்கு இரு பக்கமும் வீட்டுச் சுவரைவிடப் பெரிய திரைகள். காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண் காற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து ஒப்பித்தாள். "ஆன்ட்டி, உங்க ஆளுங்க கேமராவப் பாக்கக்கூடாது, ஸ்டார்ஸ்கிட்ட பேசக்கூடாது, போட்டோ கேக்கக்கூடாது."

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்மா. இன்னொண்ணு கேக்கணும். பேர் கூப்பிட்டதும் எவ்வளவு நேரம் குடுப்பீங்க?"

"மியூசிக் போடுவோம். அது முடியறதுக்குள்ள மேடைக்கு வந்துடணும். வரலன்னா கம்பெனி சார்பா யாராவது வாங்கிப்பாங்க."

கம்பெனி சார்பாக யார் என்று நான் கேட்கவே இல்லை. முதல் வரிசையில் நன்றி முதலாளி கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஆட்கள் வெளுத்து வாங்கியிருந்தார்கள். கணக்கு வாத்தியார் கறுப்புக் கோட்டில் நிஜ நீதிபதியைவிட நீதிபதியாக இருந்தார். பிணம் அண்ணன் தலைக்குச் சாயம் பூசி, கழுத்தில் பட்டு டை கட்டி, "சின்னக்கா, முதல் தடவையா கண்ணத் தொறந்துகிட்டு டிவில வரப்போறேன்" என்றார். நான் எல்லோரையும் ஒருமுறை பார்த்து, "என்ன சட்டம்?" என்றேன். "சின்னக்கா பண்றதப் பண்ணணும்!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலச் சொன்னார்கள்.

அக்காவுக்கு மூன்றாம் வரிசையில் ஓர நாற்காலி. நீல உடையில் அழகாகத்தான் இருந்தாள். ஆனால் முதுகு நாற்காலியில் படவே இல்லை. தலையைத் திருப்பித் திருப்பி அரங்கத்தை அளந்துகொண்டிருந்தாள். "அங்க ரெண்டு சீட் காலி பாரு. அந்த மூலையில வாத்தியாரப் போடு." "போட்டாச்சு, நீ முன்னாடி பாரு." "பின்னாடி வரிசையில..." "அக்கா! நீ இன்னிக்கு விருந்தாளி. வாய மூடிட்டு உட்காரு." நான் அவள் பக்கத்திலேயே சுவரோரமாக, கண்கொத்திப் பாம்பாக நின்றுகொண்டிருந்தேன். அரை மணி நேரம் தாக்குப் பிடித்தாள். அவளுக்கு அது ஒரு யுகம்.

சிறந்த நடிகைக்கான விருதைக் கொடுத்து முடித்தார்கள். அடுத்தது ஒலிப்பதிவு, அதற்கடுத்தது நடிகர் தேர்வு. அக்கா சட்டென்று எழுந்தாள்.

"எங்க போறே?"

"கடைசி வரிசையில யாரோ கொறையற மாதிரி இருக்குடி. ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்."

"நான் போய்ப் பாக்கறேன். நீ உட்காரு."

"உனக்கு யாருன்னு தெரியாது. இங்க வா, காலியா தெரியக்கூடாது, நீ இதுல உட்காரு." சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். கத்தவும் முடியாது, கேமரா சுற்றிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே பல்லைக் கடித்தேன்.

ஒலிப்பதிவுக்காரர் வந்தார், வாங்கினார், போனார். அக்காவைக் காணோம். தொகுப்பாளர் அட்டையைப் பிரித்தார். "இந்த விருது வரலாற்றில் முதன்முறையாக..." என்று ஆரம்பித்தார். அக்கா, வா. வந்து தொலை. நாலு பேர் பெயரைப் படித்தார்கள், நாலு தொடர்களிலிருந்து காட்சிகள் போட்டார்கள். எங்கள் லிப்டு காட்சி வந்ததும் அரங்கத்தில் சிரிப்பு. பிறகு உறையைக் கிழிக்கிற சத்தம். பிறகு அக்காவின் பெயர்.

முழுப் பெயர். ஷாம்பு விளம்பரம் எதுவும் குறுக்கே வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் சுவர் அளவு பெரிய திரையில் என் மூஞ்சி! கீழே அக்காவின் பெயர்! பாவம், கேமராக்காரரை என்ன சொல்ல? மூன்றாம் வரிசை ஓர நாற்காலி என்று கையில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அக்கா முகம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன், "நான் இல்ல, நான் இல்ல" என்றேன். திரையில் அது ஏதோ சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிற மாதிரி தெரிந்தது. நான் அவளில்லை என்று சொல்லிவிடலாம் என எழுந்து நின்றேன்.

எழுந்திருக்கக் கூடாது. அக்கா போட்ட சட்டம் எனக்கே மறந்துவிட்டது.

முதலில் கணக்கு வாத்தியார் எழுந்தார். பிறகு பிணம் அண்ணன். பிறகு அரங்கம் முழுக்க, இங்கே ஒருவர் அங்கே ஒருவராக, எங்கள் ஆட்கள் எழுந்தார்கள். பக்கத்தில் இத்தனை கம்பீரமான ஆட்கள் எழுந்து நின்றால் நடிகர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? தாங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பது டிவியில் தெரிந்தால் என்னாவது? அவர்களும் எழுந்தார்கள். ஆயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். நான் பயத்தில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன், அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் கைதட்ட, அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். அன்றைக்கு மாலை பெரிய நடிகைக்குக்கூட ஒருத்தரும் எழுந்து நிற்கவில்லை.

இசை ஆரம்பித்துவிட்டது. நன்றி முதலாளி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். இவள் அந்தத் தங்கச்சியல்லவா என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒரு மலர்ச்சி. மேடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லலாம், ஆனால் கால் ஓடியது. உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு எதிர்ப்பக்கமாக, பின் கதவை நோக்கி ஓடினேன். பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் திமுதிமு என்று சத்தம் கேட்டது. திரும்பினால் எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் என் பின்னாலேயே ஓடி வருகிறார்கள். "நீங்க எங்க வர்றீங்க?" என்றேன். "நீங்க எங்க போறீங்க?" என்றார் பிணம் அண்ணன். ஹெட்செட் பெண், "சீட்! சீட்!" என்று அலறியது கேட்டது. நின்று பதில் சொல்ல நேரமில்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால், தூணோரமாக இருட்டில், அக்கா நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு வந்த முதல் வார்த்தை: "யாருடி எழுந்திருக்கச் சொன்னது? நாற்காலி பூரா காலி!"

"அக்கா, உன் பேரக் கூப்பிட்டாங்க!"

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்புறம் எதுக்கு இங்க நிக்கறே?"

அப்போதுதான் பார்த்தேன். கடைசி வரிசையில் யாரும் குறையவே இல்லை. அவள் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. ஆபீசில் அந்தக் கோட்டில் வந்து நிற்கிற புதுப் பையன்களின் கை அப்படித்தான் இருக்கும்.

"நான் ஒருத்தரப் பாக்கறப்போ என்ன பாக்கறேன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். "பல்லு, தோளு, நடை, பொய்யி, எல்லாம் பாத்துடறேன். பாத்துட்டு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடறேன். எத்தன பேர அனுப்பியிருப்பேன்! இப்போ அத்தன பேரும் என்னப் பாத்தா? என்னால முடியாது. நீயே போய் வாங்கிட்டு வந்துடு. உன் மூஞ்சியத்தான் காட்டியாச்சே."

நான் இத்தனை நாள் அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன். போட்டோவில் நிற்காதது, பெயர் போடாவிட்டால் கண்டுகொள்ளாதது, எல்லாவற்றுக்கும் என் அக்கா பெரிய மனசுக்காரி என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்திருந்தேன். அவள் பயந்திருக்கிறாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவளோ என்னைவிட ஒரு சாண் உயரம்.

மேடையில் தொகுப்பாளர், "விருதாளர் வர முடியாத பட்சத்தில்..." என்று இழுத்தார். இசை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. முதலாளி முதல் படியில் காலை வைத்தார்.

"அக்கா, நீ தனியா போக வேண்டாம். கூட்டத்துல வா."

"என்னது?"

"கூட்டத்துல யாரு மூஞ்சியும் தெரியாது. எனக்குத் தெரியாதா? என் வேலையே அதுதானே. வா, சும்மா நடந்துட்டு வருவோம்."

அவள் கையை விடாமல் திரும்பி நடந்தேன். எங்கள் ஆட்களும் திரும்பினார்கள். அக்காவை நடுவில் விட்டு, கணக்கு வாத்தியார் ஒரு பக்கம், பிணம் அண்ணன் ஒரு பக்கம், முன்னும் பின்னும் மற்றவர்கள். நின்றுகொண்டிருந்த நடிகர்கள் எல்லோரும் விலகி வழி விட்டார்கள், கைதட்டினார்கள். இது ஏதோ ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்றே நினைத்திருப்பார்கள். இசைக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், முடிந்த இசையை மறுபடி முதலிலிருந்து போட்டார். அக்கா குனிந்த தலை நிமிராமல் நடந்தாள். "மெதுவா போடி" என்று மட்டும் ஒருமுறை முணுமுணுத்தாள்.

மேடைப் படிக்கு வந்துவிட்டோம். மேல் படியில் நின்ற முதலாளி திரும்பிப் பார்த்தார். அவருடைய தொடர்களின் நீதிபதி, டாக்டர், நர்சு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர், பிணம் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி அவரை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள். மனிதர் என்ன நினைத்தாரோ, மளமளவென்று இறங்கி ஓரமாக நின்றுகொண்டார்.

இனிமேல் அக்கா மட்டும் போக வேண்டும். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இழுத்தாலும் வர மாட்டாள், தள்ளினாலும் போக மாட்டாள், எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கையை உருவிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, சிவப்புக் கம்பளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோட்டு, பட்டு டை, ஜரிகை, பளபளப்பு எல்லாம் சரசரவென்று தரையில் இறங்கின. எங்கள் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் முட்டிவலியால் கொஞ்சம் தாமதம். அரங்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மறைந்துகொள்ள ஒரு தோள்கூட இல்லாமல், ஆயிரம் பேருக்கு நடுவில் அக்கா ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி" என்றாள் என்னைப் பார்த்து.

"போ" என்றேன். "நீல உடையில அழகா இருக்கே. போ."

ஒருமுறை என்னை முறைத்தாள், ஆபீசில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு முறைப்பாளே, அதே பார்வை. பிறகு படியேறினாள். விருதை வாங்கிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குப் பேச வராது" என்றாள். "நான் பாக்கறவ. என் முன்னாடி வந்து நின்னு வேண்டாம்னு கேட்டுட்டுத் திரும்பிப் போனவங்க நெறைய பேர். அவங்களுக்கெல்லாம் எவ்வளவு தைரியம் வேணும்னு இந்தப் படி ஏறும்போதுதான் தெரிஞ்சுது. அவங்களுக்கு நன்றி." எங்கள் பக்கம் கையைக் காட்டினாள். "கீழ தரையில உட்காந்திருக்காங்களே, இவங்கள நான் வேணும்னு சொன்னேன். இவங்களுக்கு வசனம் கிடையாது. ஆனா இவங்க இல்லன்னா, நீதிபதி தீர்ப்பு சொல்றப்போ அதக் கேக்க ஆளே இருக்காது. முன்னாடி உட்காந்திருக்கறது என் தங்கச்சி. நீங்க திரையில பாத்த மூஞ்சி அவளுதுதான். அதுலயும் ஒண்ணும் தப்பில்ல."

அழக்கூடாது, அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். நான் அழுதால் இந்தக் கூட்டம் மொத்தமும் கைக்குட்டையை எடுத்துவிடும். நேரடி ஒளிபரப்பில், அக்கா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, அது வேண்டாத கூத்தாகிவிடும். அசையாமல், கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

அப்படியும் பின்னாலிருந்து விசும்பல் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, யாரைக் கேட்டு அழுகிறார்கள் என்று திரும்பினேன்.

பிணம் அண்ணன் டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாரின் மோவாய் நடுங்கியது. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.